ஒரு நாளும் லீவு எடுக்காதவர்

தருமபுரி
6-1-1969

அன்புள்ள தங்கை கங்காவுக்கு அண்ணன் சபாபதி எழுதியது. கடவுள் புண்ணியத்தில் நானும் உன் அண்ணி கலாவதியும் பிள்ளைகளும் சுகம். நீயும் வடிவும் உன் மாமியாரும் எப்படி இருக்கிறீர்கள்? அத்தை கண் புரைக்கு ஆபரேஷன் செய்துகொள்ளச் சம்மதித்தார்களா? வடிவு பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடாமல் போகிறாளா? சினையாக இருந்த ஆடு குட்டி போட்டுவிட்டதா? எதிர்வீட்டுத் தில்லையம்மாளின் வீட்டுக்காரருக்கு இருமல் நின்றதா? ஒன்று விடாமல் பதில் எழுது.

மாதா மாதம் அனுப்புவதை அனுப்பிவிட்டேன். பொங்கலுக்காக ஐந்து ரூபாய் கூட வைத்திருக்கிறேன். வடிவுக்குப் பாவாடைத் துணி எடுத்துக்கொடு.

எனக்கு இது தலை நிமிர முடியாத காலம். எங்கள் ஆபீசில் பட்ஜெட் எழுதுகிறோம். பட்ஜெட் என்றால் நீ ஏதோ பெரிய வித்தை என்று நினைப்பாய். போன வருடத்துக் காகிதத்தை இடப்பக்கம் வைத்துக்கொண்டு, அதிலுள்ள வரிகளை வலப்பக்கம் எடுத்து எழுதி, கொஞ்சம் ஏற்றிப் போட வேண்டும், அவ்வளவுதான். ஒரு வரியை விட்டால் மேலிருந்து ஏன் என்று கேட்பார்கள். எழுதினால் யாரும் கேட்பதில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று நம் அப்பா சொல்வார். நாங்கள் நன்றாக அளக்கிறோம், எங்கே போடுகிறோம் என்றுதான் தெரியவில்லை.

பனியில் அத்தையை வாசலில் உட்காரவிடாதே.

இப்படிக்கு,
உன் அண்ணன் சபாபதி

*

வெள்ளேரிப்பட்டு, காஞ்சிபுரம் வழி
10-2-1969

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை கங்கையம்மாள் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. நாங்கள் மூன்று பேரும் சௌக்கியம். அண்ணியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லுங்கள். பணம் வந்தது. ஆடு இரண்டு குட்டி போட்டது. கண்ணில் கத்தி வைக்க விடமாட்டேன் என்கிறார்கள் அத்தை. தில்லையம்மாள் வீட்டுக்காரருக்கு இருமல் நிற்கவில்லை. போதாததற்கு வீட்டு வரி பாக்கி என்று பஞ்சாயத்து ஆட்கள் வந்து அவர்களுடைய பித்தளைக் குடத்தை ஜப்தி செய்து எடுத்துக்கொண்டு போனார்கள். அவள் இப்போது மண்குடத்தில் தண்ணீர் பிடிக்கிறாள்.

அண்ணா, நீங்கள் இரண்டு வருடம் முன்புவரை கணக்கு எழுதிய இந்த டவுன் பஞ்சாயத்து ஆபீசுக்குப் புது நிர்வாக அதிகாரி வந்திருக்கிறார். சின்ன வயது. ஊர்ப் பணம் ஊருக்குத் தெரிய வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆபீஸ் மதிலுக்கு வெள்ளையடித்து, வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, யாருக்கு என்ன சம்பளம் என்று நீலச் சாயத்தில் எழுத வைத்திருக்கிறார். மார்ச் முப்பத்தொன்றுக்குள் ஊரில் யார் வேண்டுமானாலும் ஆட்சேபணை எழுதிக் கொடுக்கலாமாம். சினிமா போஸ்டர் பார்ப்பதுபோல ஜனங்கள் நின்று பார்க்கிறார்கள். தெருவில் கரண்டு விளக்கு வந்து மூன்று வருடம் ஆகிறதே, இன்னும் மண்ணெண்ணெய்ச் செலவு போட்டிருக்கிறார்களே, அதை யார் குடிக்கிறார்கள் என்று ஒரே சிரிப்பு.

நேற்று பிள்ளையார்பாளையத்துத் தறி வீட்டில் பட்டு நூல் சுற்றிக் கொடுத்த கூலியை வாங்கிக்கொண்டு வரும்போது நானும் அங்கே நின்றேன். சம்பளப் பட்டியலில், தெரு விளக்கு ஏற்றுபவர் என்ற வரியில், வடிவு அப்பாவின் பெயர் இருந்தது. நான் வாயால் சொல்லாத பெயர். ஒவ்வொரு எழுத்தும் என் உள்ளங்கை அகலம். பக்கத்தில் விடுப்பு என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தது.

ஆறு வருடத்துக்கு முன் ஐப்பசி மாதத்தில் மண்ணெண்ணெய் டின்னோடு பாலாற்று வெள்ளத்தில் இறங்கினவர். கரையேறினதை யாரும் பார்க்கவில்லை. நீங்கள்தான் ஆற்றோரமாகவே கடல்வரை போய்த் தேடிவிட்டு, கிடைக்கவில்லை என்று திரும்பி வந்தீர்கள். அப்படிப்பட்டவர் எப்படி அண்ணா சம்பளம் வாங்குகிறார்?

நேராக வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. என் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே கூட்டிப்போகச் சொன்னார்கள். எழுத்து தெரியாது, கண்ணும் தெரியாது. மகன் பெயர்மேல் என் விரலால் அவர்கள் விரலைப் பிடித்து நடத்தினேன். "பரசுராமன் எங்கியோ இருக்குறான்மா. சம்பளம் வாங்கிக்கினுதான் இருக்குறான். ஊட்டுக்கு வர்றதுக்குத்தான் அவனுக்கு என்னமோ தடை" என்றார்கள். எனக்கு நம்பவும் பயம், நம்பாமலிருக்கவும் பயம்.

உங்களுக்குத் தெரியாத கணக்கு அந்த ஆபீசில் கிடையாது. உடனே பதில் எழுதுங்கள்.

தங்கள் தங்கை,
கங்கையம்மாள்

*

தருமபுரி
24-2-1969

அன்புள்ள கங்காவுக்கு அண்ணன் ஆசிகள் கூறி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். ஆபீஸ் வேலையில் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஆட்டுக்குட்டிகள் பால் குடிக்கின்றனவா? வடிவுக்குப் பரீட்சை எப்போது? அத்தைக்குப் பசி எடுக்கிறதா? தில்லையம்மாளின் குடத்தை மீட்க நான் பணம் அனுப்பட்டுமா?

நீ எழுதிய விஷயம் ஒன்றும் பெரிதல்ல. போன வருடத்துப் பட்டியலைப் பார்த்து எழுதும் வழக்கம்பற்றி முன்பே சொன்னேன் அல்லவா? பழைய பெயர் ஒன்று அப்படியே வந்திருக்கும். குமாஸ்தா பிழை. இதைப் போய் அதிகாரியிடம் கேட்காதே. சின்ன வயது ஆள், வேகத்தில் ஏதாவது செய்து நாலு குடும்பத்தைக் கெடுத்துவிடுவார். அத்தையை அந்தப் பக்கம் கூட்டிப்போகாதே. மதில் எழுத்து ஒரு மழைக்குக் கரைந்துவிடும்.

இத்துடன் பத்து ரூபாய் அனுப்பியிருக்கிறேன். அத்தைக்கு ஹார்லிக்ஸ் வாங்கிக் கொடு.

அன்புடன்,
சபாபதி

*

வெள்ளேரிப்பட்டு
3-3-1969

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் ஒரு இடத்தில் நிற்கவில்லை. அங்கே பிள்ளைகளுக்கு அம்மை கண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். வேப்பிலையில் படுக்க வையுங்கள்.

ஒன்றாம் தேதி விடிந்ததும் அத்தை எண்ணெய் தேய்த்துக் குளித்து, வெளுத்த சேலை கட்டிக்கொண்டு, வடிவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ஆபீஸ் படிக்கட்டில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். சம்பள நாளாயிற்றே, மகன் வருவான் என்று. தலைமைக் குமாஸ்தா வீரபாகு, "கெளவி, எழுந்து போ" என்று விரட்டியிருக்கிறார். அசையவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது அதிகாரியே வெளியே வந்துவிட்டார். யார் என்று விசாரித்தார். பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்துபோனது. "ஆறு வருஷத்துல ஒரு நாள்கூட லீவு எடுக்காத ஊழியர் அவர் ஒருத்தர்தான். ஆண்டு விழாவுல நற்சான்றிதழ் தரச் சொல்லியிருக்கேன். அவரை நான் இன்னும் நேர்ல பாக்கலை" என்றார். அத்தை அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

அவர் காணாமல் போனவர் என்று நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்? ஒரு வார்த்தை சொன்னால் மகன் வருகிற வழியை நானே அடைத்ததாக ஆகும். சாயங்காலம்வரை அத்தை அங்கேயே இருந்தார்கள். எல்லாரும் சம்பளம் வாங்கிக்கொண்டு போனார்கள். வீட்டுக்கு வந்து, "கூட்டம் இருக்குதுன்னு பின்பக்கமா வந்து வாங்கிக்கினு போயிருப்பான்" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்கள்.

எனக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது அண்ணா. இப்போது உலையில் ஒரு ஆளுக்குக் கூடப் போடுகிறேன். விளக்கு வைக்கிற நேரத்தில் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு தெருவில் போகிற சத்தம் கேட்கிறது. எழுந்து வாசலுக்குப் போனால் கரண்டு விளக்குதான் எரிகிறது. குமாஸ்தா பிழை என்றீர்கள். பிழைக்கு எப்படி மாதா மாதம் சம்பளம் கொடுப்பார்கள்?

கங்கையம்மாள்

*

வெள்ளேரிப்பட்டு
12-3-1969

அண்ணனுக்குத் தங்கை எழுதுவது. போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. பிள்ளைகளுக்கு அம்மை இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

நேற்று வீரபாகு வீட்டுக்கு வந்தார். மண்ணெண்ணெய் வரிக்கு யாரோ ஆட்சேபணை எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். நானும் எழுதிவிடுவேனோ என்று பயம். வெற்றிலையை வாயில் அடக்கிக்கொண்டு, உட்காராமலேயே, "ஏம்மா, உங்கண்ணன் மாசாமாசம் அனுப்புறாரே, அது எங்கேந்து வருதுன்னு நெனச்சே? உன் ஊட்டுக்காரன் சம்பளந்தான். பாதி எனக்கு, பாதி உனக்கு. உன் அண்ணன் போட்டுக் குடுத்த ஏற்பாடு. வாயத் தொறந்தியானா மொதல்ல ஜெயிலுக்குப் போறது அவருதான்" என்றார்.

அவர் போன பிறகு அடுப்படியில் உட்கார்ந்தவள் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஆறு வருடமாக இந்த வீட்டில் வெந்த சோறெல்லாம் வடிவு அப்பா பெயரில் வந்ததா? உங்கள் சம்பளத்தில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அனுப்புகிறீர்கள் என்று அண்ணிமுன்னால் கூனிக் குறுகி நின்றேனே அண்ணா. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது போதாதென்று அந்தச் சோற்றையே எனக்குப் போட்டிருக்கிறீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. நீங்கள் எழுதிய கடிதங்களையெல்லாம் எடுத்துப் படித்தேன். எல்லார் சுகத்தையும் கேட்கிறீர்கள். ஆட்டைக் கேட்கிறீர்கள், எதிர்வீட்டு இருமலைக் கேட்கிறீர்கள். மாப்பிள்ளையைப்பற்றி ஏதாவது தகவல் உண்டா என்று ஒரே ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. காணாமல் போனவரைப்பற்றி ஊரில் பிச்சைக்காரன்கூட என்னிடம் கேட்டிருக்கிறான். கேட்காதவர் நீங்கள் ஒருவர்தான். பதில் தெரிந்தவர்தானே கேட்கமாட்டார்?

அவர் இருக்கிறாரா இல்லையா?

கங்கையம்மாள்

*

தருமபுரி
17-3-1969

அன்புள்ள கங்காவுக்கு அண்ணன் எழுதுவது. பிள்ளைகளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. நீயும் வடிவும் அத்தையும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீரபாகு சொன்னது உண்மை. மாப்பிள்ளை வேலை தற்காலிக வேலை. பென்ஷன் கிடையாது, உதவிப்பணம் கிடையாது. நீ நாலு வயதுக் குழந்தையோடும் கண் தெரியாத கிழவியோடும் நின்றாய். என் சம்பளத்தில் இரண்டு குடும்பம் நடக்காது. பட்டியலில் அவர் பெயரை இரண்டு மாதம் விட்டு வைக்கலாம் என்று நினைத்தேன். ஜனவரி வந்தது. பெயரை எடுத்தால் ஏன் எடுத்தாய் என்று கேள்வி வரும். விட்டுவிட்டேன். அடுத்த ஜனவரியும் அப்படியே. பழைய அதிகாரிகள் கையெழுத்துப் போடும்போது எதையும் படிப்பதில்லை. ஒருவர் அவருக்கு வருடாந்திர உயர்வுகூட அனுமதித்தார். அதில் ஒரு காசும் நான் தொட்டதில்லை. இதை நீ நம்ப வேண்டும்.

மார்ச் முப்பத்தொன்றுவரை பொறுத்துக்கொள். அதற்குப் பிறகு உறுப்பினர்கள் கூடிப் பட்ஜெட்டை நிறைவேற்றிவிடுவார்கள். அடுத்த வருடம் விளக்கு ஏற்றும் வேலையே தேவையில்லை என்று சொல்லிச் சத்தமில்லாமல் எடுக்கச் சொல்கிறேன். உன் அண்ணியின் முகத்தை நினைத்துப் பார். என் பிள்ளைகளை நினைத்துப் பார்.

உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்ளும்,
அண்ணன்

*

வெள்ளேரிப்பட்டு
21-3-1969

அண்ணனுக்கு வணக்கம். பிள்ளைகள் தேறியது கேட்டுச் சந்தோஷம்.

நான் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை. பக்கம் நிறையப் பணத்தைப்பற்றி எழுதியிருக்கிறீர்கள்.

தில்லையம்மாள் இன்று காலையில் மண்குடம் உடைந்துபோய், சமைக்கிற பாத்திரத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு வந்தாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவள் குடத்தை விற்ற காசும் அந்தச் சம்பளத்தில்தானே சேர்ந்திருக்கும்? எனக்குக் கொடுத்தது சர்க்கார் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்குக் கொடுத்தது எதிர்வீடு. தெரியாமல் சாப்பிட்டேன், சரி. இனிமேல் தெரிந்து எப்படிச் சாப்பிடுவது?

ஆனாலும் அண்ணா, உங்களை ஜெயிலுக்கு அனுப்ப எனக்கு ஆசையா? அப்பா போன பிறகு என்னைத் தூக்கி வளர்த்தவர் நீங்கள். அதனால் ஒன்று சொல்கிறேன். மாப்பிள்ளை உயிரோடு இருக்கிறார் என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். எங்கே என்று எழுத வேண்டாம், ஏன் வரவில்லை என்று எழுத வேண்டாம். அந்த ஒரு வரி முப்பத்தொன்றாம் தேதித் தபாலில் வந்துவிட்டால் நான் ஆட்சேபணை எழுதமாட்டேன். உயிரோடு இருக்கிறவர் பெயரை நான் எப்படி அழிப்பேன்? வீரபாகு பாடு, உங்கள் பாடு என்று விட்டுவிடுகிறேன்.

அந்த வரி பொய்யாக இருந்தாலும் நான் நம்பிவிடுவேன் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தே எழுதுங்கள்.

கங்கா

*

வெள்ளேரிப்பட்டு
2-4-1969

அண்ணனுக்குத் தங்கை எழுதுவது. உங்கள் சுகத்தைக் கேட்க இன்று எனக்கு மனம் வரவில்லை. அண்ணியும் பிள்ளைகளும் நன்றாக இருக்கட்டும்.

முப்பத்தொன்றாம் தேதி தபால்காரருக்காகக் காலையிலிருந்து தெருமுனையில் நின்றேன். இரண்டு தபாலும் வந்துபோயிற்று. உங்கள் கடிதம் இல்லை. அப்படியே ஆபீசுக்கு நடந்தேன்.

ஆட்சேபணையில் பெயரை எழுத வேண்டும் என்றார்கள். கல்யாணமான நாள்முதல் அந்தப் பெயரை நான் சொன்னதில்லை. வேறு யாரையாவது எழுதச் சொல்லலாமா என்று அதிகாரியே கேட்டார். வேண்டாம் என்று நானே எழுதினேன். என் கணவர் பரசுராமன் இறந்துவிட்டார், அவர் பெயரில் சம்பளம் கொடுப்பது தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுதி முடித்த பிறகுதான் அவர் செத்துப்போனது எனக்கே தெரிந்தது. அந்த மேஜைமேல் கவிழ்ந்து அழுதேன்.

அதிகாரி தண்ணீர் கொடுத்தார். பிறகு பணத்தை யார் வாங்கியது என்று மெதுவாகக் கேட்டார். "சாப்ட்டவ நானு. அனுப்புனவரு எங்கண்ணன். குடுத்தவரு வீரபாகு. மூணு பேரையும் எழுதிக்கங்க சார்" என்றேன். என்னை விட்டுவிட்டு உங்களை மட்டும் சொல்ல என்னால் முடியாது, உங்களை விட்டுவிட்டுச் சொல்லவும் முடியாது.

இன்று பங்குனி உத்திரம். ஏகாம்பரநாதர் கல்யாணம் பார்க்கத் தெருவே காலியாகிவிட்டது. வருடா வருடம் இந்த நாளில் தாலிச்சரடு மாற்றிக்கொள்வேன். ஆறு வருடமும் மஞ்சளில் நனைத்துப் புதுச் சரடு போட்டேனே, யாருக்கு அண்ணா போட்டேன்? தெரிந்திருந்தும் ஒருநாள் என்னைத் தடுக்க உங்களுக்குத் தோன்றவில்லையா? பணத்துக்குக்கூட மன்னிப்பு இருக்கும். இதற்கு என்னிடம் இல்லை.

அத்தையிடம் நேற்று எல்லாவற்றையும், நீங்கள் அந்த ஒரு வரியை எழுதாததையும் சொன்னேன். அழுது புரளுவார்கள் என்று பயந்தேன். அப்படியெல்லாம் இல்லை. "உங்கண்ணன்தானே கடைசியா பாத்தான். வாய்க்கரிசி போட்டாங்களான்னு கேட்டு எழுதும்மா. வேற ஒண்ணும் கேக்க வேணாம்" என்றார்கள்.

கேட்டுவிட்டேன்.

கங்கையம்மாள்

*

தருமபுரி
28-4-1969

அன்புள்ள கங்கா,

வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். விசாரணைக்கு அடுத்த மாதம் அங்கே வர வேண்டும். உன் அண்ணி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

நீ கேட்ட அந்த ஒரு வரியை எழுத உட்கார்ந்தேன். ஆறு வருடமாக எழுதிய பொய்தானே, இன்னொரு தடவை எழுதினால் என்ன என்று நினைத்தேன். உன் பெயருக்குக் கீழே அதை எழுதக் கை போகவில்லை.

பாலாறு கடலைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால், சவுக்குத் தோப்புக்குக் கீழே மணலில் கிடந்தார். இடுப்பில் கட்டியிருந்த பெல்ட்டை வைத்து அடையாளம் கண்டேன். வலை உலர்த்திக்கொண்டிருந்த இரண்டு பேர் யார் இவர், உங்களுக்கு வேண்டியவரா என்று கேட்டார்கள். அங்கே நின்றபடியே கணக்குப் போட்டேன் கங்கா. உடலோடு ஊருக்குப் போனால் அன்றோடு சம்பளம் நின்றுவிடும், காணாமல் போனவர் என்றால் கொஞ்ச நாள் ஓட்டலாம். எனக்குத் தெரியாது, யாரோ என்று சொல்லிவிட்டேன். அவர்கள் குழி வெட்ட, மூன்று பேருமாக இறக்கினோம்.

ஒவ்வொரு ஜனவரியும் அந்தப் பெயரை எடுத்து எழுதும்போது ஈர மணல் வாசனை வரும். இந்த ஊருக்கு மாறி வந்து, அவர் பெயர் இல்லாத பட்ஜெட் எழுதும்போதும் வந்தது.

அத்தைக்குப் பதில். யாரோ என்று சொன்ன பிறகு யாருக்காக நான் போய் ஒரு பிடி அரிசி கேட்பேன்? போடவில்லை. மண்தான் போட்டேன்.

சபாபதி

*

வெள்ளேரிப்பட்டு
5-5-1969

அண்ணனுக்கு,

வடிவு நலம். ஆடுகளை விற்றுவிட்டேன். தறி வீட்டில் பகல் முழுக்க வேலை கேட்டுச் சேர்ந்திருக்கிறேன், கஞ்சிக்குக் குறைவில்லை. அண்ணிக்கு நான் தனியாக எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை.

புது அதிகாரிக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. மதிலுக்கு வெள்ளையடித்துவிட வேண்டும் என்று உறுப்பினர்கள் தீர்மானம் போட்டிருக்கிறார்களாம். தில்லையம்மாள் குடத்தைப்பற்றி யாரும் பேசவில்லை.

உங்கள் கடிதத்தை அத்தைக்கு முழுக்கப் படித்தேன். கடைசி வரியைப் படிக்காமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். கேட்டுக்கொண்டிருக்கிற முகத்தைப் பார்த்தபோது முடியவில்லை. படித்துவிட்டேன்.

விசாரணைக்கு வரும்போது இரண்டு நாள் முன்னதாக வாருங்கள். வீட்டுக்கே வாருங்கள், சாப்பாடு போடுகிறேன். உங்களோடு பேச முடியுமா என்று எனக்குத் தெரியாது. அத்தை ஒரு பிடி அரிசியை முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டிருக்கிறார்கள். படுக்கும்போதும் அவிழ்ப்பதில்லை. இடத்தை நீங்கள்தான் காட்ட வேண்டும்.

கங்கையம்மாள்